ஏழாவது கல்லூரி

இப்போது மூச்சு விட முடிகிறது, அதனால் சொல்கிறேன். அந்த வசந்த காலம் முழுக்க என் கைப்பையில் நெஞ்செரிச்சல் மாத்திரை டப்பா ஒன்று கிடந்தது. இப்போதும் கிடக்கிறது. ஆனால் மூடியைத் திறந்து மாதக்கணக்காகிறது.

என் பெயர் மார்லிஸ் ப்ரெக்கி. பிரெய்ரி லைன் கூட்டமைப்புக்கு நான்தான் கமிஷனர். பதவியின் பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே ஓர் அறை. அதில் நான், ஒரு கம்ப்யூட்டர், கீழேயிருந்து நாள் முழுக்க வரும் பல் குடையும் சத்தம். எங்கள் பக்கத்துச் சின்னக் கல்லூரிகள் தங்களுக்குள் ஃபுட்பாலும் (பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க வகை) கூடைப்பந்தும் வாலிபாலும் ஆடுகின்றன. எந்தச் சனிக்கிழமை யார் யார் ஊருக்குப் போவது என்று தீர்மானிப்பதும், நடுவர்களைத் திட்டுவதும், பயிற்சியாளர்களிடம் திட்டு வாங்குவதும் என் வேலை. மூன்றையும் நன்றாகவே செய்கிறேன்.

அந்த மார்ச் மாதம் கெம்ப்டன் கல்லூரி, பிள்ளைகள் சேரவில்லை, கதவைச் சாத்துகிறோம் என்று அறிவித்தது. ஏழு, ஆறாயிற்று. அப்போதைய விதிப்படி ஏழு கல்லூரிகளாவது உள்ள கூட்டமைப்பின் சாம்பியனுக்குத்தான் தேசியப் போட்டியில் நேரே ஓர் இடம். ஆறு என்றால் வாசலில் நின்று, யாராவது உள்ளே கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்துக்கு எந்தப் பிள்ளை ஆட வரும்? போதாக்குறைக்கு, லிண்ட்ஹோம் கல்லூரிக்கு நகரத்துக் கூட்டமைப்பு ஒன்று ஏற்கெனவே தூது விட்டிருந்தது. ஜூன் கடைசிக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். லிண்ட்ஹோம் போனால் ஐந்து. ஐந்து பேர் சீட்டாடலாம், கூட்டமைப்பு நடத்த முடியாது.

ஆக, ஜூனுக்குள் எனக்கு ஏழாவது கல்லூரி ஒன்று வேண்டும். கிடைக்காவிட்டால் கூட்டமைப்பைக் கலைத்துவிட்டு அறைச் சாவியைப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். முப்பது வருடம் இதிலேயே கிடந்தவள் நான். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. சனிக்கிழமைகள் உண்டு.

இது தொடங்கியது 1922இல். ஒரே ரயில் பாதையில் இருந்த நான்கு சர்ச் கல்லூரிகள். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாட்டுக்குள் பையன்கள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது பாதிரியார்கள் போட்ட கண்டிஷன். அந்தப் பாதையில் இருந்தவர்களால் மட்டும்தான் அது முடிந்தது. அதனால்தான் பெயரே பிரெய்ரி லைன். மதியம் ஆட்டம் முடியும், ரயில் இரவில்தான் வரும். நடுவில் பசித்த பையன்கள் ஸ்டேஷனில் குளிரில் நிற்பதைப் பார்த்து, பின்னாளில் நான் படித்த கல்லூரி இருக்கும் ஸ்டாவ்னஸ் ஊர்ப் பெண்கள் பொறுக்கமாட்டாமல் சர்ச்சின் கீழ்த்தளத்தில் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். மறுவாரம் அடுத்த ஊர்ப் பெண்கள் நாங்கள் மட்டும் என்ன இளைத்தவர்களா என்று இரண்டு வகை கேக்கோடு போட்டார்கள். அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது. வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பக்கூடாது. ஜெயித்தாலும் தோற்றாலும் இரண்டு அணியும் ஒரே மேஜையில்.

ரயில் போய் பஸ் வந்தது. போரில் பையன்கள் எல்லாம் போய், திரும்பி வந்தவர்கள் இரண்டு பங்கு சாப்பிட்டார்கள். நான்கு ஆறாகி, எட்டாகி, ஒன்பதாயிற்று. பெண்களுக்கும் அணிகள் வந்தன. முதல் வருடம் எங்கள் வாலிபால் அணிக்குச் சாப்பாடு போட மறந்துவிட்டார்கள். நாங்கள் சமையலறைக்குள் புகுந்து நாங்களே எடுத்துக்கொண்டோம். அப்போதே எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்தான்.

சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. உள்ளூர் அணியின் கேப்டன் வெளியூர் கேப்டனை அழைக்க வேண்டும். இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவர்களிடம் காபி வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ, எதுக்குச் சிரமம்" என்பார்கள். ஒரு வாய் குடியுங்களேன் என்றால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். போட்டுவிட்டேன், கொட்டவா முடியும் என்றால், "சரி, கொஞ்சமா" என்று ஒரு முழுக் கோப்பையை வாங்கிக்கொள்வார்கள். முதல் இரண்டு மறுப்பும் மரியாதைக்கு. மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். கேப்டன்களும் அப்படியேதான். மூன்று தடவை கேட்டு, மூன்றாவதில் தலையாட்டி, பிறகுதான் பந்தி.

1971இல் எபன்ஃபெல்ட் கல்லூரி கூட்டமைப்பை விட்டு வெளியேறியது. எல்லைக்கு அந்தப் பக்கம், தெற்கு டகோட்டாவில் இருக்கும் ஜெர்மன்காரர்கள் கல்லூரி. கதையை ஸ்டாவ்னஸில் படித்த எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டிருப்போம். ஃபுட்பால் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் ஒரே புள்ளியில் எங்களை ஜெயித்தார்கள், தலைக்கனம் ஏறிவிட்டது, கூப்பிட்டும் சாப்பிடாமல் போனார்கள், குளிர்காலம் முடிவதற்குள் கூட்டமைப்பையே உதறிவிட்டார்கள். நானும் அதை நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

இப்போது அந்த எபன்ஃபெல்டுக்கும் கஷ்டகாலம். அவர்கள் போய்ச் சேர்ந்த டகோட்டாக் கூட்டமைப்பு கலைந்து, ஆட ஆளில்லாமல் சனிக்கிழமைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு ஒரு கல்லூரி வேண்டும், அவர்களுக்கு ஒரு கூட்டமைப்பு வேண்டும். சின்னப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டுவிடும். அழைக்கும் பொறுப்பை ஸ்டாவ்னஸ் முதல்வர் ஓரின் சேதர் ஏற்றுக்கொண்டார். மூத்தவர், நல்லவர், ஈ மேல் கால் பட்டாலும் மன்னிப்புக் கேட்பவர். சங்கடம் என்றால் அவருக்கு முகம் மாறாது, காது மட்டும் பீட்ரூட்டாகிவிடும்.

ஜூன் முதல் வாரம் ஆறு முதல்வர்களும் நானும் கூடினோம். சேதர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எபன்ஃபெல்ட் வர்றதா இல்லீங்க. நான் அவங்க முதல்வர் ஹோஃபருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்றேன்.

"'உங்களுக்கு இருக்கற தலைவலி போதாதா, நாங்க வேறயா'ன்னார்."

"அப்புறம்?"

"ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேட்டேன். 'உங்க பிள்ளைங்க இவ்வளவு தூரம் பஸ்ல வரணுமே, பாவம்'னார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான், மார்லிஸ்."

நான் பேனாவை மேஜை மேல் வைத்தேன். போட்டேன் என்றும் சொல்லலாம்.

"ஓரின், இதெல்லாம் மறுப்பா? உங்க அம்மா காபி வேண்டாம்னு சொன்னா அப்படியே விட்டுட்டுப் போயிடுவீங்களா? ஏன் மூணாவது தடவை கேக்கல?"

காது சிவந்தது. "மூணாவது தடவை கேட்டா அவங்களால மறுக்க முடியாது. மரியாதைக்காக சரின்னுடுவாங்க. அது கழுத்தைப் புடிக்கற மாதிரி ஆயிடும்."

"புடிங்க! புடிக்கறதுக்குத்தானே கழுத்து இருக்கு!"

எங்கள் ஊரில் ஒருத்தி குரலை உயர்த்தினால் மற்றவர்கள் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்ப்பார்கள். ஆறு பேரில் ஐந்து பேர் மேகம் பார்த்தார்கள். லிண்ட்ஹோம் முதல்வரம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார். "மார்லிஸ், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மாசக் கடைசிக்குள்ள நாங்க பதில் சொல்லியாகணும்."

மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்தேன். மேற்கே மூன்று மணி நேரம், இரண்டு பக்கமும் அப்போதுதான் முளைத்த சோளம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஆண்டவன் எனக்குத்தான் வாயைக் கொடுத்திருக்கிறான் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே ஓட்டினேன்.

எபன்ஃபெல்டின் விளையாட்டுத் துறைத் தலைவி லவான் க்ரேபர் எனக்குப் பழைய சிநேகிதி. வாலிபால் நடுவர் பயிற்சியில் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம், அவள் குறட்டையை நான் மன்னித்திருக்கிறேன். ஜிம் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாடி மகராசி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களாமே?"

"யாரு வேண்டாம்னா? ரெண்டு தடவை கேட்டாரு உங்க ஆளு. நாங்க மூணு வாரமா ஃபோனைச் சுத்தி உக்காந்திருக்கோம். ஹோஃபர் முதல்வர் குளிக்கப் போனாக்கூட ஃபோனை எடுத்துட்டுப் போறாராம், அவர் சம்சாரம் சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, யாரையாவது அறைய வேண்டும் போலவும் வந்தது. "சரி, இப்ப நான் கேக்கறேன். வர்றீங்களா?"

லவான் உதட்டைப் பிதுக்கினாள். "என் கையில இல்லடி. ஹோஃபர் கையிலயும் இல்ல. நிர்வாகக் குழுத் தலைவர் டெல்பர்ட் உன்ரூ தலையாட்டாம இங்க புல்லுகூட வெட்ட மாட்டோம். அவருக்கு ஸ்டாவ்னஸ்னாலே ஆகாது. இரு, கூப்பிடறேன்."

டெல்பர்ட் உன்ரூ சோயா வயலிலிருந்து நேரே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. ஜிம்மின் சமையலறையில் உட்கார்ந்தோம். லவான் சூப் கொண்டுவந்து வைத்தாள். அவர் வேண்டாம் என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை, கிண்ணத்தை அவர் முன்னால் அப்படியே விட்டாள். அவர் தொடவில்லை.

"ஐயா, எங்க கூட்டமைப்புக்குத் திரும்பி வாங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்," என்றேன்.

"நீங்க யாரு?"

"கமிஷனர்."

"படிச்சது எங்க?"

"ஸ்டாவ்னஸ்."

"ம்." ஜன்னலைப் பார்த்தார். "எழுபத்தொண்ணுல நான் இவங்க கேப்டன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன். எங்களுக்கு அன்று ஜெயித்தவர்களின் பெயரைச் சொல்லித் தர யாரும் மெனக்கெட்டதில்லை.

"அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சு உங்க சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல நிக்கறேன். உள்ளேர்ந்து இறைச்சி உருண்டை வாசனை. காலைலேர்ந்து பையங்க யாரும் ஒண்ணும் தின்னல. உங்க கேப்டன் வந்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு பையன். சாப்பிட வாங்கன்னான். நான், வேண்டாம், பனி வரப்போகுது, கிளம்பணும்னேன். சாப்பிட்டுட்டுப் போங்கன்னான். இல்ல, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னேன்." அவர் நிறுத்தினார். "அப்புறம் அவன் கேக்கவே இல்ல. என்னைப் பாத்துட்டே நின்னான். திரும்பி உள்ள போயிட்டான். கதவைச் சாத்திட்டான்."

"கேக்கவே இல்லையா?"

"ரெண்டு தடவை. ரெண்டே தடவை. நாங்க ஜெயிச்சுட்டோம், அதனால இவங்களுக்குச் சோறு கிடையாதுன்னு அர்த்தம். வேற என்ன? பஸ் பாதி வழியில பனியில பள்ளத்துல இறங்கிடுச்சு. விடிஞ்சு ஒரு விவசாயி டிராக்டர் கொண்டுவர்ற வரைக்கும் முப்பது பையங்க வெறும் வயித்தோட. பள்ளத்தை நான் மன்னிச்சுட்டேன். அது கடவுள் போட்ட பனி. இப்பவும் அதே ஸ்டாவ்னஸ்லேர்ந்து ஃபோன் வருது. ரெண்டே தடவை."

நாற்பத்தைந்து வருடமாக நாங்கள் இவர்களைத் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கூப்பிட்டும் சாப்பிடாமல் போனார்கள் என்பதில் பொய் எதுவும் இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டோம் என்பதை மட்டும் விட்டுவிட்டோம். பாதிக் கதையைச் சொல்லிக் கொடுத்த அத்தனை பேர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஐயா, அப்ப மூணாவது தடவையா நான் கேக்கறேன். வாங்க."

"நீங்க நல்லவங்க. ஆனா அன்னிக்கு நீங்களா கேட்டீங்க? அந்தப் பையன் கேட்டான். நெட்டையா, காது ரெண்டும் செக்கச்செவேல்னு சிவந்து..."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"காதா?"

"ஆமா. முகம் வெள்ளையாத்தான் இருந்துச்சு. காது மட்டும்."

நடைபாதைக்குப் போய் ஃபோனைப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"ஓரின், எபன்ஃபெல்டுக்குக் கிளம்பி வாங்க."

"இன்னிக்கு மத்தியானம் ஒரு மீட்டிங்..."

"எழுபத்தொண்ணுல ஸ்டாவ்னஸ் கேப்டன் நீங்கதானா?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

"டெல்பர்ட் உன்ரூ உள்ள உக்காந்திருக்கார்," என்றேன்.

சேதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சாப்பிட்டாரா?"

"இல்ல. சூப்பைத் தொடல."

"வர்றேன்," என்றார்.

மூன்று மணி நேர வழி. ஐந்து மணி நேரமாகியும் ஆளைக் காணோம். டெல்பர்ட் இரண்டு தடவை எழுந்தார், வயலில் வேலை கிடக்கிறது என்றார். லவான் ஒவ்வொரு தடவையும் ஜிம் கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டு உட்கார வைத்தாள். அவள் அவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் இரண்டு மாத்திரை விழுங்கினேன். சேதர் வழியில் மனம் மாறித் திரும்பிப் போய்விட்டாரோ என்று பயமாக இருந்தது. அந்த மனிதர் வற்புறுத்தக்கூடாது என்று நினைத்தே ஒரு கூட்டமைப்பைச் சாகவிடக்கூடியவர்.

சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழுந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. சேதர் டையோடு இறங்கினார். கையில் துண்டு சுற்றிய ஒரு பெரிய பாத்திரம். சமையலறைக்குள் வந்து, யாருக்கும் வணக்கம் சொல்லாமல், அதை மேஜையில் வைத்துத் துண்டைப் பிரித்தார். இறைச்சி உருண்டைகள். பாதி கருகியிருந்தன, குழம்பு ஓரத்தில் திரிந்திருந்தது.

"என் சம்சாரம் காரின் ஊர்ல இல்ல," என்று என்னிடம் முணுமுணுத்தார். "நானே செஞ்சேன். முதல் தடவை மொத்தமும் கருகிப்போச்சு."

டெல்பர்ட் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தார். காது எரிந்துகொண்டிருந்தது.

சேதர் ஒரு தட்டில் நான்கு உருண்டைகளை வைத்துக் குழம்பு ஊற்றி நீட்டினார்.

"சாப்பிடுங்க."

"இப்பத்தான் சாப்பிட்டேன்," என்றார் டெல்பர்ட். ஆறிப்போன சூப் கிண்ணம் அவர் முழங்கைப் பக்கத்திலேயே இருந்தது.

"ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. சேதரின் வாய் திறந்தது, மூடியது. அந்தப் பழைய வாசலிலேயே நிற்பது போல, அதே இரண்டு பேர். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கேளுய்யா, கேட்டுத் தொலை, என்று கத்தப் போனேன். லவான் என் மணிக்கட்டை வலிக்கிற மாதிரிப் பிடித்தாள். டெல்பர்ட் மேஜையில் கையூன்றி மெல்ல எழ ஆரம்பித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அன்னிக்கு மூணாவது தடவை வாயைத் திறந்திருந்தா அழுதிருப்பேன்," என்றார் சேதர். "ஒரு புள்ளியில தோத்துட்டோம். அந்தக் கடைசிப் பந்தை நான்தான் விட்டேன். எதிரணி கேப்டன் முன்னாடி அழக்கூடாதுன்னு உள்ள ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா பஸ் போயிடுச்சு." கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்க அவரிடம் கையில்லை, இரண்டும் தட்டில் இருந்தன. "எங்ககூட உக்காந்து சாப்பிடுங்க, டெல்பர்ட்."

டெல்பர்ட் எழுந்தது பாதியிலேயே நின்றது. தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். தொப்பிக்குக் கீழே நெற்றி வெயில் படாமல் வெளுப்பாக இருந்தது.

"சரி," என்றார். "கொஞ்சமா."

சேதர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டெல்பர்ட் ஓர் உருண்டையை வெட்டி வாயில் போட்டு, நிதானமாக மென்று, விழுங்கினார்.

"உப்பு ஜாஸ்தி."

"ஆமா, ரெண்டு தடவை போட்டுட்டேன்."

"அடி கருகல்."

"ஆமா."

"எங்க பையங்க அன்னிக்கு இதைக்கூடத் தின்னிருப்பானுங்க." இன்னொன்றை வெட்டினார். நான்கும் முடிந்தன. தட்டைச் சேதர் பக்கம் நகர்த்தினார், யாரும் கேட்காமலே. "இன்னும் ரெண்டு வையுங்க. எப்ப ஆட்டம்? செப்டம்பர்ல எந்தச் சனிக்கிழமை உங்க ஊருக்கு வரணும்?"

லவான் என் மணிக்கட்டை விட்டாள். அங்கே அவள் விரல் தடம் மறுநாள்வரை இருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அழவில்லை என்று சொல்ல ஆசைதான். நன்றாகவே அழுதேன், சத்தமாக, எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு முற்றிலும் விரோதமாக. மேகம் பார்க்க அங்கே ஜன்னலருகே யாரும் இல்லை.

நடைபாதைக்கு ஓடி லிண்ட்ஹோம் முதல்வரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். எபன்ஃபெல்ட் வருகிறார்கள், அவர்கள் குழு இந்த வாரமே முறைப்படி ஓட்டுப் போட்டுவிடும் என்றேன்.

"அப்பாடா," என்றார் அவர். அந்த மூச்சு காதில் காற்றடித்தது போலக் கேட்டது. "எனக்கு நகரத்துக்காரங்களைப் பிடிக்கவே இல்ல, மார்லிஸ். அங்க ஆட்டம் முடிஞ்சா ஆளுக்கொரு டப்பாவுல சாண்ட்விச் குடுத்து அனுப்பிடறாங்க."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க யாரும் இருந்துடுங்கன்னு மூணு தடவை கேக்கலையே. ஒரு தடவைதான் கேட்டீங்க."

நான் என் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டேன், மெதுவாகத்தான். பிறகு சொன்னேன். "இருந்துடுங்க. இருந்துடுங்க. இருந்துடுங்க. போதுமா?"

"எதுக்கு இவ்வளவு சிரமம்," என்று அவர் சிரித்தார். "சரி, இருக்கோம்."

திரும்பி வந்தபோது சமையலறையில் வேறு வாசனை. லவான் சூப்பை மறுபடி சூடாக்கி, வெண்ணெய் தடவிய ரொட்டிகளை அடுக்கியிருந்தாள். இரண்டு கிழவர்களும் எழுபத்தொன்றின் கடைசி நிமிடத்தை உப்புப் புட்டியையும் முட்கரண்டிகளையும் வைத்து மேஜை மேல் திரும்ப ஆடிக்கொண்டிருந்தார்கள். முட்கரண்டி எல்லைக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று வாக்குவாதம். சேதரின் காது தன் நிறத்துக்கு வந்திருந்தது.

காலையிலிருந்து நான் மாத்திரையைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வயிறு என்னைக் கேட்காமலே ஒரு சத்தம் போட்டது.

லவான் கரண்டியோடு திரும்பினாள். "கொஞ்சம் சூப் சாப்பிடறியாடி?"

என் வாயில் பழக்கதோஷத்தில் "வேண்டாம்" வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் நின்றது. அறுபது வருடப் பழக்கம். டெல்பர்டும் சேதரும் முட்கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

கிண்ணத்தை எடுத்து நீட்டினேன்.

"நிறைய ஊத்து," என்றேன்.